காரணம் சொல்லும் ஆங்கிலம்: பிகாஸ், டியூ டு, ஓவிங் டு முதலியவற்றை எழுத்தில் கையாளும் முறை

'மழையால் ஆட்டம் நின்றது' என்றும் 'மழை பெய்ததால் ஆட்டம் நின்றது' என்றும் தமிழில் எழுதுகிறோம். முதல் வாக்கியத்தில் 'மழை' என்னும் பெயரோடும், இரண்டாவதில் 'பெய்தது' என்னும் வினைவழி வந்த பெயரோடும் ஒரே 'ஆல்' உருபு ஒட்டிக்கொள்கிறது. காரணம் ஒரு பொருளாக இருந்தாலும் ஒரு நிகழ்ச்சியாக இருந்தாலும் நாம் வேறு சொல் தேட வேண்டியதில்லை. ஆங்கிலம் இந்த வசதியைத் தருவதில்லை. அங்கே காரணச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, அதைத் தொடர்ந்து வரப்போவது பெயர்த்தொடரா, எழுவாயும் வினைமுற்றும் கொண்ட வாக்கியமா என்று முடிவு செய்தாக வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் பேசும் வீடுகளில் வளர்ந்தவர்களும், தமிழ்நாட்டிலிருந்து இங்கு வேலைக்கு வந்தவர்களும் எழுதும் ஆங்கிலக் கடிதங்களிலும் மின்னஞ்சல்களிலும் காரணம் சொல்லும் இடம் தடுமாறுவதற்கு இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் அடிப்படை என்பது என் கணிப்பு.

'பிகாஸ்', 'சின்ஸ்', 'ஆஸ்' ஆகிய மூன்றும் இணைப்புச் சொற்கள். இவற்றுக்குப் பின் எழுவாயும் வினைமுற்றும் வர வேண்டும். 'பிகாஸ் ஆஃப்', 'டியூ டு', 'ஓவிங் டு', 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்', 'ஆஸ் எ ரிசல்ட் ஆஃப்' ஆகியவை பெயர்த்தொடரை மட்டுமே ஏற்பவை. புளோக்கில் மின்தூக்கி பழுதானதால் படியேறி வந்ததைச் சொல்ல விரும்புபவர் 'பிகாஸ் தி லிஃப்ட் புரோக் டவுன்' என்று எழுதலாம். 'பிகாஸ் ஆஃப் தி லிஃப்ட் பிரேக்டவுன்' என்றும் எழுதலாம். இரண்டையும் கலந்து 'பிகாஸ் ஆஃப் தி லிஃப்ட் புரோக் டவுன்' என்று எழுதினால் அது பிழை. 'டியூ டு ஐ வாஸ் சிக்' என்பதும் இதே பிழைதான். 'பிகாஸ் ஐ வாஸ் சிக்' என்றோ 'பிகாஸ் ஆஃப் மை இல்னஸ்' என்றோ அதைத் திருத்த வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 'பிகாஸ் ஆஃப் வாட் ஹி செட்' என்ற தொடரில் 'செட்' என்ற வினை இருக்கிறதே, இது எப்படிச் சரியாகும் என்று கேட்கலாம். 'வாட் ஹி செட்' என்பது 'அவர் சொன்னது' என்ற பொருளில் முழுவதும் ஒரு பெயராகவே நடக்கிறது. எனவே 'பிகாஸ் ஆஃப்' அதை ஏற்றுக்கொள்கிறது. வினை கண்ணில் படுகிறதா என்பதை விட்டுவிட்டு, தொடர் முழுவதும் பெயராக நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இணையத்தில் இளையர்கள் 'பிகாஸ் ரெயின்', 'பிகாஸ் எக்ஸாம்ஸ்' என்று 'ஆஃப்' இல்லாமலே எழுதுவதைப் பார்த்துச் சிலர் குழம்புகிறார்கள். அது வேண்டுமென்றே செய்யும் குறும்பு வழக்கு. அமெரிக்கக் கிளைமொழிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் சொல்லாக 'பிகாஸ்' சொல்லைத் தேர்ந்தெடுத்ததே இந்தப் புதுப் பயன்பாட்டைக் கருதித்தான். நண்பர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் அது இருக்கட்டும். நகர மன்றத்துக்கோ மேலதிகாரிக்கோ எழுதும் கடிதத்துக்கு அது ஏற்றதன்று.

வாக்கியத்தைப் பெயர்த்தொடராக மாற்றும் பயிற்சி சிங்கப்பூர் மாணவர்களுக்குப் புதிதில்லை. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் ஆங்கிலப் பாடத்தில் 'சிந்தசிஸ் அண்ட் டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்று ஒரு பகுதி உண்டு. இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, குறிப்பிட்ட சொல்லைக் கொண்டு பொருள் மாறாமல் ஒரே வாக்கியமாக எழுதச் சொல்வார்கள். அதற்கான பயிற்சித் தாள்களில் 'பிகாஸ் ஆஃப்', 'டியூ டு' போன்றவை அடிக்கடி வரும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை, வினையோ உரிச்சொல்லோ பெயராக உருமாறும்போது அதைச் சுற்றியுள்ள சொற்களில் நேரும் மாற்றங்களே. 'ஹி வாஸ் இல்' என்பது 'ஹிஸ் இல்னஸ்' ஆகிறது. 'ஷி ரெஃப்யூஸ்ட்' என்பது 'ஹர் ரெஃப்யூஸல்' ஆகிறது. 'தே அரைவ்ட் லேட்' என்பது 'தேர் லேட் அரைவல்' ஆகிறது. எழுவாயாக இருந்த 'ஹி', 'ஷி', 'தே' மூன்றும் உடைமை வடிவத்துக்கு வந்துவிட்டதைப் பாருங்கள். வினையடையும் அப்படியே நிற்காது. 'இட் ரெய்ண்ட் ஹெவிலி' என்பதிலுள்ள 'ஹெவிலி', 'தி ஹெவி ரெயின்' என்று ஆகும்போது தன் வாலை இழக்கிறது. தமிழிலும் இதுவே நடக்கிறது: 'பலமாகப் பெய்தது' என்பதிலுள்ள 'பலமாக', பெயரின் முன் வரும்போது 'பலத்த மழை' என்று மாறுகிறது. தமிழில் இயல்பாகச் செய்யும் இந்த மாற்றத்தை நினைவூட்டினாலே பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'ஹெவிலி ரெயின்' என்று எழுதுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

பெயர் வடிவம் கைவராதபோது பலர் 'டியூ டு தி ஃபேக்ட் தட்' என்ற நீண்ட தொடரைத் துணைக்கு அழைக்கிறார்கள். இலக்கணத்தில் அது பிழையில்லை. 'ஃபேக்ட்' என்ற பெயர் இடையில் வந்து நிற்பதால் அதன் பின் முழு வாக்கியம் வரலாம். ஆனால் ஐந்து சொற்கள் செய்யும் அந்த வேலையை 'பிகாஸ்' தனியாகச் செய்துவிடும். அலுவலகக் கடிதம் கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தத் தொடரைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி, ஆங்கில நடை நூல்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டிவரும் 'டியூ டு', 'ஓவிங் டு' வேறுபாட்டுக்கு வருவோம். மரபான விதி இதுதான்: 'டியூ' அடிப்படையில் ஓர் உரிச்சொல், ஆகவே அது ஒரு பெயரைச் சார்ந்தே நிற்க வேண்டும். 'தி டிலே வாஸ் டியூ டு எ சிக்னல் ஃபால்ட்' என்பதில் 'டிலே' என்ற பெயரைப் பற்றி 'டியூ' பேசுவதால் வாக்கியம் மரபுக்கு உட்பட்டது. 'தி டிரெயின் வாஸ் டிலேய்ட் டியூ டு எ சிக்னல் ஃபால்ட்' என்பதிலோ காரணத்தொடர் எந்தப் பெயரையும் சாராமல் 'டிலேய்ட்' என்ற வினையைச் சார்ந்திருக்கிறது. பழைய விதியின்படி அங்கே வர வேண்டியது 'ஓவிங் டு' அல்லது 'பிகாஸ் ஆஃப்'. 'டியூ டு' இருக்கும் இடத்தில் 'காஸ்ட் பை' என்று போட்டுப் படித்துப் பார்த்து, பொருந்தினால் வைத்துக்கொள்ளலாம் என்று ஆங்கில ஆசிரியர்கள் சொல்லித்தருவார்கள். தமிழ் அறிந்தவருக்கு இன்னும் எளிய வழி உண்டு. சொல்ல நினைப்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'பழுதால் ஏற்பட்ட தாமதம்' என்றோ 'தாமதம் பழுதால் ஏற்பட்டது' என்றோ 'ஏற்படுதல்' இயல்பாக வந்து உட்கார்ந்தால் 'டியூ டு' சரி. 'பழுதால் ரயில் தாமதமாக வந்தது' என்று 'ஆல்' நேராக வினையைப் போய்ச் சேர்ந்தால் 'ஓவிங் டு' அல்லது 'பிகாஸ் ஆஃப்'.

இந்த விதி எவ்வளவு கண்டிப்பானது? 1926இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் எச்.டபிள்யூ. ஃபௌலர், 'டியூ டு'வை 'ஓவிங் டு' போல முன்னிடைச் சொல்லாக, அதாவது பெயர்த்தொடருக்கு முன் வந்து அதை வினையோடு சேர்க்கும் சொல்லாகக் கையாள்வது படிப்பறிவில்லாதவர்களின் வழக்கம் என்ற கடுமையில் எழுதினார். ஆயினும் வழக்கு அவர் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. 1957 அக்டோபரில் கனடா நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்து இரண்டாம் எலிசபெத் அரசியார் வாசித்த உரையில், தானியத்தை விற்க இயலாமையால் உழவர்கள் பட்ட பணமுடையைப் பற்றிய வாக்கியம் 'டியூ டு' என்றே தொடங்கியது. 'ஓவிங் டு' மட்டும் எப்படித் தப்பித்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 'ஓவிங்', 'டியூ' இரண்டுமே கடன்படுதல் என்ற பொருளில் பிறந்தவை. 'ஓவிங் டு' முன்னதாகவே முன்னிடைச் சொல்லாக மாறி ஏற்கப்பட்டுவிட்டது, 'டியூ டு' அதே பாதையில் பின்னால் வந்து அகப்பட்டுக்கொண்டது. இன்றைய அகராதிகள் இரண்டு பயன்பாடுகளையும் ஏற்கின்றன. சிங்கப்பூரின் பயிற்சித் தாள்களே 'டியூ டு' என்று வாக்கியத்தைத் தொடங்கச் சொல்லும்போது, பிள்ளையின் விடையை ஃபௌலரைக் காட்டிப் பெற்றோர் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் மூத்த வாசகர்களுக்கும் சட்டத்துறையினருக்கும் எழுதுபவர் பழைய வேறுபாட்டைக் கடைப்பிடித்தால் யாரும் குறை சொல்ல வழியிருக்காது. என்னைப் பொறுத்தவரை, 'டியூ டு'வுக்குப் பின் முழு வாக்கியம் வருவது எக்காலத்திலும் பிழை. அது பெயரைச் சார்கிறதா வினையைச் சார்கிறதா என்பது இன்று எழுதுபவரின் விருப்பம்.

'தி பஸ் இஸ் டியூ டு அரைவ்' என்பதில் வரும் 'டியூ டு' வேறு. அது வரவேண்டிய நேரத்தைக் குறிப்பது, காரணத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

ஒரே காரணத்தை இரண்டு முறை கட்டுவது அடுத்த சிக்கல். 'பிகாஸ் இட் ரெய்ண்ட், ஸோ வீ ஸ்டேய்ட் அட் ஹோம்' என்ற வாக்கியத்தை இந்த ஊரில் எங்கும் கேட்கலாம். மாண்டரினில் 'யின்வெய்', 'சுவோயி' என்ற இரண்டும் இணையாக வருவது முறை. காரணத்துக்கு ஒன்று, விளைவுக்கு ஒன்று. நான்கு மொழிகள் கலந்து புழங்கும் இடத்தில் அந்த வடிவம் ஆங்கிலப் பேச்சுக்குள் வந்ததில் வியப்பில்லை. தமிழில் அந்தப் பழக்கம் கிடையாது. 'மழை பெய்ததால் ஆகவே வீட்டில் இருந்தோம்' என்று எவரும் எழுதுவதில்லை. அந்தத் தமிழ்க் காதையே ஆங்கிலத்திலும் நம்பலாம். எழுத்தில் 'பிகாஸ்' அல்லது 'ஸோ', இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

தமிழ்ப் பழக்கமே நம்மை வழிதவறச் செய்யும் இடம் 'ஏனென்றால்'. தமிழில் ஒரு வாக்கியத்தை முடித்து முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த வாக்கியத்தை 'ஏனென்றால்' என்று தொடங்கி 'என்பதே காரணம்' என்றெல்லாம் முடிக்கலாம். அதை அப்படியே பின்பற்றி 'ஹி டிட் நாட் கம். பிகாஸ் ஹி வாஸ் இல்.' என்று எழுதினால் இரண்டாவது பகுதி தனித்து நிற்க முடியாத துண்டாகிவிடுகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்க வேண்டும். வாக்கியத்தை 'பிகாஸ்' கொண்டு தொடங்கவே கூடாது என்று சில வகுப்பறைகளில் சொல்வது இந்தப் பிழையைத் தடுக்க வந்த முரட்டு விதி. 'பிகாஸ் ஹி வாஸ் இல், ஹி டிட் நாட் கம்.' என்பதில் முதன்மை வாக்கியம் பின்னால் வந்துவிடுவதால் குறையேதும் இல்லை.

'தி ரீசன் இஸ் பிகாஸ்' என்பதும் இரட்டைக் கட்டுதான். 'ரீசன்' என்ற சொல்லிலேயே காரணம் இருக்கிறது. அதன் பின் 'பிகாஸ்' வந்தால் காரணத்துக்குக் காரணம் சொல்வது போலாகிறது. 'தி ரீசன் இஸ் தட்' என்று எழுதுங்கள். பேச்சில் இது எல்லா நாட்டு ஆங்கிலத்திலும் உண்டு, எழுத்திலும் நல்ல எழுத்தாளர்களிடம் காணக் கிடைப்பதுதான். ஆனாலும் தேர்விலும் விண்ணப்பத்திலும் தவிர்ப்பது பாதுகாப்பு. 'ரீசன் ஃபார்', 'காஸ் ஆஃப்' என்ற இணைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தீ விபத்தின் காரணம் 'தி காஸ் ஆஃப் தி ஃபயர்'. வராததற்கான காரணம் 'தி ரீசன் ஃபார் மை ஆப்சென்ஸ்'. தமிழில் இரண்டுக்கும் 'காரணம்' என்ற ஒரே சொல் போதுமாக இருப்பதால் 'தி ரீசன் ஆஃப் மை ஆப்சென்ஸ்' என்று எழுதத் தோன்றும்.

'தேர்ஃபோர்', 'ஹென்ஸ்', 'தஸ்', 'கான்சிக்வென்ட்லி' ஆகியவை விளைவைச் சொல்பவை. இவை இணைப்புச் சொற்கள் அல்ல, வினையடைகள். ஆகவே இரண்டு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் இணைத்து நடுவில் 'தேர்ஃபோர்' போடக் கூடாது. முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். 'கான்சிக்வென்ட்லி' என்று நினைத்துக்கொண்டு 'சப்ஸிக்வென்ட்லி' என்று எழுதுவோரும் உண்டு. முன்னது 'அதன் விளைவாக', பின்னது 'அதற்குப் பிறகு'. 'ரிசல்ட் இன்', 'ரிசல்ட் ஃபிரம்' இரண்டையும் மாற்றினால் காரணமும் விளைவும் இடம்மாறிவிடும்: பலத்த மழை திடீர் வெள்ளத்தில் முடிந்தால் 'இன்', திடீர் வெள்ளம் மழையிலிருந்து பிறந்தால் 'ஃபிரம்'. 'தேங்க்ஸ் டு' நன்றிக்குரிய காரணத்துக்கே பொருந்தும். கெட்ட செய்தியோடு அதைச் சேர்த்தால் கேலி தொனிக்கும்.

'சின்ஸ்', 'ஆஸ்' இரண்டும் காலத்தையும் குறிக்கக்கூடியவை. 'சின்ஸ் தி லிஃப்ட் புரோக் டவுன், ஷி ஹேஸ் ஸ்டேய்ட் அட் ஹோம்' என்றால் மின்தூக்கி பழுதான நாளிலிருந்தா, பழுதானதாலா? தமிழில் 'இலிருந்து' என்பதும் 'ஆல்' என்பதும் வேறுவேறாக இருப்பதால் இந்தக் குழப்பம் நமக்கு எழுவதில்லை. அதனாலேயே ஆங்கிலத்தில் எழுதும்போது அது நம் கண்ணில் படாமல் போகிறது. இரண்டு பொருளுக்கும் இடமிருந்தால் 'பிகாஸ்' சொல்லுக்கு மாறிவிடுங்கள்.

எதிர்மறை வாக்கியத்தில் 'பிகாஸ்' வரும்போதோ தமிழும் ஆங்கிலமும் ஒரே குழியில் விழுகின்றன. 'சம்பளம் குறைவு என்பதால் அவர் வேலையை விடவில்லை' என்றால் அவர் வேலையில் இருக்கிறாரா, போய்விட்டாரா? 'ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் தி பே வாஸ் லோ' என்பதிலும் அதே ஐயம்: வேலையை விட்டார், ஆனால் காரணம் சம்பளமில்லை என்பது ஒரு பொருள், வேலையை விடவே இல்லை என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் 'பிகாஸ்' முன் காற்புள்ளி இட்டால் பின்சொன்ன பொருள் வலுப்பெறும், இடாவிட்டால் முன்சொன்னது. ஆனால் ஒரு காற்புள்ளியின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது சரியில்லை. 'ஹி ரிசைன்ட், பட் நாட் பிகாஸ் தி பே வாஸ் லோ' என்று எழுதினால் ஐயத்துக்கே இடமிருக்காது. வேலை தொடர்பான புகாரிலோ சாட்சியத்திலோ இந்த வேறுபாடு ஒருவரைப் பெரிதும் பாதிக்கக்கூடும் என்பதால், எதிர்மறையும் காரணமும் ஒரே வாக்கியத்தில் சேரும்போதெல்லாம் ஒரு முறை நின்று படித்துப் பார்ப்பது நல்லது.

காரணம் வேறு, அறிகுறி வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் காலணிகளைக் காணவில்லை. வீட்டார் வெளியே போயிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறோம். 'தே மஸ்ட் பி அவுட், பிகாஸ் தேர் ஆர் நோ ஷூஸ் அட் தி டோர்' என்று இதை எழுதலாம். காலணி இல்லாததால் அவர்கள் வெளியே போகவில்லை. அது நம் ஊகத்துக்கான ஆதாரம் மட்டுமே. 'பிகாஸ்' இரண்டு வேலைக்கும் வரும், ஆதாரத்தைச் சொல்லும்போது முன்னால் காற்புள்ளி இடுவது வழக்கம். 'டியூ டு', 'ஓவிங் டு' இரண்டும் நிகழ்ச்சியின் காரணத்தை மட்டுமே சொல்லும்; அந்த வாக்கியத்தில் அவற்றைப் போட்டால் காலணிகளின் இன்மையே குடும்பத்தைத் துரத்திவிட்டது போலாகும். அறிக்கை எழுதுபவர்கள் 'டியூ டு' போடும் இடத்திலெல்லாம், தாம் சொல்வது காரணமா, காரணம் என்று நினைக்க வைத்த அடையாளமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றில் சிலவற்றை ஒரே கடிதத்தில் பார்ப்போம். மகள் பள்ளிக்கு வராததைப் பற்றி வகுப்பாசிரியருக்கு ஒரு பெற்றோர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: 'டியூ டு மை டாட்டர் வாஸ் ஹேவிங் ஃபீவர், ஸோ ஷி குட் நாட் கம் டு ஸ்கூல். தி ரீசன் ஐ டிட் நாட் கால் இஸ் பிகாஸ் மை ஃபோன் வாஸ் ஸ்பாய்ல்ட், ஹென்ஸ் வை ஐ ஆம் ரைட்டிங்.' முதல் வாக்கியத்தில் 'டியூ டு'வுக்குப் பின் முழு வாக்கியம் வந்திருக்கிறது, விளைவுக்கு 'ஸோ'வும் சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் 'ரீசன்', 'பிகாஸ்', 'ஹென்ஸ்', 'வை' என நான்கு காரணச் சொற்கள் நெரிசலில் நிற்கின்றன. 'ஹென்ஸ்' என்பதிலேயே 'அதனால்' அடங்கியிருக்க, 'வை' மிகை. பழுதான கைத்தொலைபேசிக்கு 'ஸ்பாய்ல்ட்' என்பது இந்த ஊர் வழக்கு. இங்குள்ள ஆசிரியருக்குப் புரியும் என்றாலும் முறையான எழுத்துக்கு 'நாட் வொர்க்கிங்' பொருந்தும்.

திருத்திய வடிவம்: 'மை டாட்டர் குட் நாட் கம் டு ஸ்கூல் பிகாஸ் ஷி ஹேட் எ ஃபீவர். ஆஸ் மை ஃபோன் வாஸ் நாட் வொர்க்கிங், ஐ ஆம் ரைட்டிங் இன்ஸ்டெட்.' அடுத்தடுத்து இரண்டு 'பிகாஸ்' வராதிருக்கவே இரண்டாவதில் 'ஆஸ்' வந்தது. கைத்தொலைபேசி வேலை செய்யாதிருந்தது ஒரு நிலை என்பதால் அதைக் காலமாக யாரும் படிக்க மாட்டார்கள். மருத்துவச் சான்றிதழையும் இணைப்பவர் முதல் வாக்கியத்தை 'ஹர் ஆப்சென்ஸ் வாஸ் டியூ டு எ ஃபீவர்' என்று தொடங்கலாம். 'ஆப்சென்ஸ்' என்ற பெயரைச் சார்ந்து 'டியூ' நிற்பதால், அந்தக் கடிதத்தை ஃபௌலரே திருத்தினாலும் அவ்விடத்தில் சிவப்பு மை படாது.